கடலைச் சுருளில் பாதிப் பக்கம்

அவர் எதையும் முழுதாக வாசித்து நான் கண்டதில்லை.

வெள்ளவத்தை ரயில் நிலையத்துக்கு இறங்கும் வீதியில், கடலைப் பார்த்தபடி அவருடைய கடலை வண்டி நிற்கும். பின்னேரம் நாலரை தொடக்கம் ஏழு மணி வரை. நான் கொள்ளுப்பிட்டியில் என் அலுவலகம் முடிந்து ரயிலில் வந்து இறங்கி, அவரிடம் ஒரு சுருள் அவித்த கடலை வாங்கி, கரையோரக் கல்லில் இருந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன். சனி, ஞாயிறு தவிர்த்து ஏறக்குறைய ஆறு வருடங்கள். என் நாட்குறிப்பில் ஒரு நாளின் ஓரத்தில் 'க' என்ற எழுத்து இருந்தால் அன்று கடலை சாப்பிட்டேன் என்று அர்த்தம்.

அவர் முதன்முதலில் என்னோடு கதைத்தது ஒரு குப்பைக் கூடையின் முன்னால். வெறும் சுருளைக் கசக்கி அதில் போடப் போனேன்.

"சேர், விரிச்சுப் பாத்தீங்களா?"

"எதை?"

"அந்தத் தாளத்தான். அது தராசு சேர். ஒரு தட்டுல ஏத்தி வச்சிருக்கு, மத்தத் தட்டு காலி."

விரித்தேன். யாரோ ஒரு மாணவனின் பழைய கட்டுரைத் தாள், மேல் பாதி. நகரத்தில் வைத்தியசாலை உண்டு, மின்சாரம் உண்டு, போக்குவரத்து உண்டு என்று ஐந்து வரிகள். 'ஆனால் கிராமத்திலோ' என்ற இடத்தில் கத்தி வெட்டியிருந்தது.

"மத்தப் பாதி அந்தா போகுது." காலி வீதிப் பக்கம் கடலை கொறித்தபடி நடந்துகொண்டிருந்த ஓர் அம்மாவைக் காட்டினார். "அவங்களுக்குக் கிராமம், உங்களுக்கு டவுன்."

அன்று தொடக்கம் நான் சுருள்களை விரித்துப் பார்க்கத் தொடங்கினேன்.

அவர் கொட்டாஞ்சேனையில் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். கழுத்தில் எப்போதும் ஒரு சிவப்புத் துவாய், தாள் பார்க்க மூக்கில் ஒரு கண்ணாடி. காலையில் கடலை அவியும்போது பழைய தாள்களைப் பாதியாக வெட்டிச் சுருள் சுற்றுவார். சோதனைத் தாள்கள், டியூசன் குறிப்புகள், கூட்ட அறிக்கைகள், யாரோ வீசிய வழிகாட்டிப் புத்தகங்கள். செய்தித்தாள் எடுக்க மாட்டார், மை ஒட்டும் என்பார். இந்தத் தாள்களையெல்லாம் எப்படி இவ்வளவு கவனிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நாலு மணித்தியாலம் சுத்துறேன் சேர். ஒவ்வொண்ணையும் கையில எடுக்கணும். பாக்காம எப்பிடிச் சுத்துறது?"

"வாசிப்பீங்களா?"

"சே, வாசிக்கிறதுக்கு எங்க நேரம்? எப்பிடிப் போகுதுன்னு மட்டும் பாப்பேன்."

எப்படிப் போகிறது என்பதுதான் அவருடைய முழு அக்கறையும். எதைப் பற்றி எழுதியிருக்கிறது என்று கேட்டால் கையை விரிப்பார். கதைத் தாள் ஏதும் அகப்பட்டால் பார்க்காமலே சுற்றிவிடுவார். "கதைன்னா எங்க வேணும்னாலும் திரும்பும் சேர். விசயம் சொல்ற எழுத்து அப்பிடி இல்ல. அதுக்குப் போற வழி ஒண்ணு இருக்கு. மொத ரெண்டு எட்டுலயே காட்டிக் குடுத்துடும்."

வழிகளுக்கு அவரே பெயர் வைத்திருந்தார். நடந்ததை நடந்த வரிசையில் சொல்வது பஸ். ஹோல்ட் ஹோல்ட்டாக நிற்கும். ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வருவது எஞ்சினும் பெட்டியும். பிரச்சினையைச் சொல்லித் தீர்வு தேடுவது பூட்டும் சாவியும். ஒரு பொருளின் குணங்களை அடுக்குவது உடுப்புக் கொடி, எதை முதலில் காயப்போட்டாலும் பரவாயில்லை. இந்தப் பெயர்களை நான் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தேன். ஒருநாள் அதைக் காட்டியபோது எட்டிப் பார்த்து, "கொடி கட்டியிருக்கீங்க," என்றார்.

வாய்ப்பேச்சையும் அவர் விட்டுவைக்கவில்லை. நான் இரண்டு நாள் வராததற்கு மழை, ரயில் தாமதம், அலுவலகத்தில் வேலை என்று காரணம் சொன்னேன். சுருளை மடித்தபடி தலையை ஆட்டினார்.

"மூணையும் தனித்தனியாக் கொடியில போடுறீங்க சேர். மழை ரயில இழுக்கணும், ரயில் உங்கள இழுக்கணும். அப்பத்தான் நம்புவேன்."

உண்மையில் நான் பல்லுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கடலை கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அவரோடு பந்தயம் கட்டுவதற்கென்றே ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் பத்திரிகையோடு வருவார். ஒருநாள் கடலரிப்புப் பற்றிய கட்டுரை ஒன்றின் முதல் இரண்டு பந்தியையும் உரத்து வாசித்துவிட்டு, பேப்பரை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"சொல்லும் பாப்பம், எப்பிடி முடியும்?"

"பூட்டப் பத்தி இவ்வளவு நேரம் பேசிட்டார். இனிச் சாவி எடுப்பார். கடைசிப் பந்தியில மூணு வேலை சொல்லுவார்."

அதிகாரி விரலை வைத்து எண்ணினார். முகம் மலர்ந்தது. "நாலு! எடும் என்ர கடலையை!"

"கடைசி ரெண்டையும் திரும்ப வாசிங்க."

அதிகாரி வாசித்தார். கரையோரத் தாவரங்களைப் பாதுகாக்க வேண்டும். கடற்கரை மரஞ்செடிகளை அழிவிலிருந்து காக்க வேண்டும். கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அறுவான், ஒண்டையே ரெண்டு தரம் எழுதியிருக்கிறான்," என்றார். எனக்கும் சேர்த்து அவரே கடலை வாங்கித் தந்தார்.

என் நாட்குறிப்பையும் ஒருமுறை அவரிடம் நீட்டினேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. எழுந்த நேரம், ரயில் வந்த நேரம், சாப்பிட்டது, சந்தித்தவர்கள் எல்லாம் ஒரு நாளும் தவறாமல் இருக்கும். ஒரு கையில் கரண்டியோடு அரைப் பக்கம் பார்த்தார்.

"பஸ் சேர் இது. ரொம்ப ஒழுங்கான பஸ். எல்லா ஹோல்ட்டுலயும் நிக்குது. ஆனா ஒருத்தரும் ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல."

எனக்கு மூன்று நாள் கோபம். அந்த மூன்று நாளும் ஓரத்தில் 'க' இல்லை.

இனி என் மனைவியின் விடயத்துக்கு வருகிறேன். இந்த மனிதரை நான் மறக்காமல் இருப்பது அதனால்தான்.

மனைவி முன்பள்ளி ஆசிரியை. மூன்று மொழிப் பிள்ளைகளும் கலந்திருக்கும் ஒரு வகுப்பைப் பதினொரு வருடமாக நடத்திவந்தார். அடுத்த ஆண்டு தொடக்கம் டிப்ளோமா இல்லாதவர்கள் உதவியாளராகத்தான் இருக்கலாம் என்று அவருடைய பாடசாலை அறிவித்தது. அதாவது, தன் சொந்த வகுப்பின் ஓரத்தில் நின்று கதிரை அடுக்க வேண்டிவரும். டிப்ளோமாவில் எல்லாப் பாடமும் சித்தி. ஓர் அறிக்கை மட்டும் மிச்சம். வகுப்பில் ஐந்து மாதம் வாயே திறக்காத ஒரு சின்னவனைப் பற்றி எழுதிக் கொடுத்திருந்தார். அது திரும்பி வந்தது. மேலே சிவப்பில் ஒரு குறிப்பு: 'விடயம் உண்டு. ஒழுங்கு இல்லை.' இன்னும் ஒரே ஒரு தடவை கொடுக்கலாம்.

"இஞ்சாருங்கோ, நீங்கள்தானே ஒழுங்குக்கு ஆள். என்ன செய்யிறது எண்டு சொல்லுங்கோவன்," என்றார்.

திகதிப்படி எழுதும் என்று நான் சொன்னேன். தையில் நடந்தது, மாசியில் நடந்தது, அப்படியே ஆனி வரை. அவர் அப்படியே எழுதினார். எழுதிவிட்டுத் திருப்தியில்லாமல் தாள்களை நிலத்தில் பரப்பி மாற்றி மாற்றி வைத்தார். அதனால் பக்க இலக்கம் போடவில்லை. பழைய பாடசாலை அறிவித்தல்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவது அவர் வழக்கம். இருபத்திரண்டு தாள்கள். புதன் பாடசாலைக் கலைவிழா. அது முடிந்து வியாழன் லீவு எடுத்து அறிக்கையை ரைப் செய்யக் கொடுப்பதாக இருந்தார். வெள்ளி கடைசி நாள்.

அதற்கு முந்திய சனிக்கிழமை நான் அலுமாரியைத் துப்புரவாக்கினேன். எனக்கு ஒரு விதி உண்டு: ஒரு வருடத்துக்கு மேற்பட்ட அறிவித்தல்கள் வெளியே போகவேண்டும். ஒவ்வொரு தாளிலும் அச்சடித்திருந்த திகதியைக் கவனமாகப் பார்த்தேன். பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. ஞாயிறு காலை ஒழுங்கையில் "பரண பத்தர!" என்று பழைய பேப்பர்காரரின் குரல் கேட்டதும் நூலால் கட்டிய கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 'அலுமாரி ஒழுங்கு செய்யப்பட்டது' என்று அன்றைய குறிப்பில் இருக்கிறது.

புதன் பின்னேரம் கல்லில் இருந்து கடலையை முடித்துவிட்டு, வழமைபோலச் சுருளை விரித்தேன். வெளிப்பக்கம் ஒரு விளையாட்டுப் போட்டி அறிவித்தல். உள்ளே பென்சில் எழுத்து.

'ஐந்து மாதம் அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. அவனுக்கு எங்கள் மொழி விளங்கவில்லை என்று நினைத்தோம். அது பிழை.'

என் மனைவியின் கையெழுத்தைப் பத்தொன்பது வருடமாக எனக்குத் தெரியும். நான் ஓடினேன். ஓடி எனக்குப் பழக்கமில்லை.

"நிப்பாட்டுங்கோ! விக்காதேங்கோ!"

அவர் ஒரு சுருளில் கடலையை நிரப்பி, அலுவலகத்தால் வந்த ஒரு பெண்ணிடம் நீட்டிக்கொண்டிருந்தார். நான் அதைப் பறித்தேன். அந்தப் பெண் "அம்மோ!" என்று பின்னால் போனார். மூச்சு வாங்க வாங்க விடயத்தைச் சொன்னேன். முன்பின்னாகத்தான் சொல்லியிருப்பேன். அவருக்கு விளங்கியது.

"இந்தப் பென்சில் தாளா? நேத்துத்தான் பத்தரக்காரன்கிட்ட எடுத்தேன். இன்னைக்குக் காலையில சுத்தினேன். சுத்தும்போதே நெனச்சேன் சேர், சரக்கு நல்ல சரக்கு, ஆனா யாரோ பிடிச்சு பஸ்ஸில ஏத்திட்டாங்கன்னு."

யார் ஏற்றியது என்று நான் சொல்லவில்லை.

ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருந்த சுருள் கோபுரத்தை அவர் வண்டியிலிருந்து இறக்கினார். வரிசையில் ஏழு பேர் நின்றார்கள். "இன்னைக்குச் சுருள் இல்ல, கைய நீட்டுங்க!" என்று தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தார். ஒருவர் இரண்டு கையையும் குவித்தார். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். நான் சுருளைப் பறித்த பெண் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து நீட்டி, "எனக்குக் கொஞ்சம் கூடப் போடோணும்," என்றார். போட்டார்.

மனைவிக்குப் போன் எடுத்தேன். "உமக்கு ஒரு விசயம் சொல்லவேணும். கோவிக்கப்படாது," என்று தொடங்கினேன். மிச்சத்தை அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் எனக்குப் பயம். பதினைந்து நிமிடத்தில் கலைவிழாச் சேலையோடு, தலையில் கனகாம்பரத்தோடு வந்து நின்றார்.

"அலுமாரியை நீங்கள் வடிவா அடுக்குவீங்கள் எண்டுதானே உங்களிட்ட விட்டனான்?"

"திகதி பாத்துத்தான் போட்டனான்."

"உங்கட திகதி!"

பக்கத்தில் பூட்டியிருந்த கடையின் படியில் மூவரும் இருந்தோம். சுருளெல்லாம் விரித்து எண்ணியதில் முப்பத்தெட்டுப் பென்சில் பாதிகள். என் கையில் இருந்தது ஒன்று. இருபத்திரண்டு தாளின் நாற்பத்துநாலு பாதியில் ஐந்து போய்விட்டது. யாரோ ஐந்து பேர் அவற்றில் கடலை தின்றுகொண்டு வெள்ளவத்தையில் நடந்துகொண்டிருந்தார்கள்.

மேல் பாதியோடு கீழ்ப் பாதியைப் பொருத்தும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வெட்டு விளிம்பும் முறிந்த வசனமும் இருந்தால் எனக்கு அது கஷ்டமில்லை. பொருத்திய தாள்களை எந்த வரிசையில் வைப்பது என்பதில்தான் சிக்கல். நான் தை மாதத்தைத் தேடத் தொடங்கினேன்.

"விடுங்கப்பா அந்தத் தையை," என்றார் மனைவி.

கடலைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கண் பார்த்து, படியில் வேறு வேறு இடத்தில் வைத்தார். பறக்காமலிருக்க மேலே செத்தல் மிளகாய்ப் போத்தல், உப்புப் போத்தல் என்று எதையாவது வைத்தார்.

"இது செஞ்சு பாத்தது. இதும் செஞ்சு பாத்தது. இது வீட்டையும் வகுப்பையும் தராசுல வச்சது. டீச்சர், சாவி பத்து இருக்கு. பூட்டு எங்க?"

மனைவி படியைப் பார்த்தார். பிறகு என் கையில் கசங்கியிருந்த பாதியை வாங்கி மடியில் வைத்துத் தடவி நிமிர்த்தினார்.

"இது. நாங்கள் பிழையா நினைச்சம் எண்ட இடம். இதை நான் பங்குனியில கொண்டுபோய் வைச்சிட்டன். இதுதான் முதல் வரவேணும்."

பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தாள்களை எடுத்து எடுத்து வைத்தார். அவனுக்கு மொழி விளங்கவில்லை என்று நினைத்தது, அதனால் செய்தவை, அவை ஏன் சரிவரவில்லை, வீட்டில் அவன் மூன்று மொழியிலும் அலட்டுகிறான் என்று தெரியவந்தது, அதனால் மாற்றிச் செய்தவை. எனக்கே விளங்கியது. ஆறு மாதமாக வீட்டில் கேட்ட கதை அன்றைக்குத்தான் விளங்கியது.

கடலைக்காரர் இடையில் விரலை வைத்தார். "இங்க ஒரு தட்டு காணோம். இங்க ஒரு பெட்டி கழண்டிருக்கு." அந்த இடங்களில் என்ன இருந்தது என்று மனைவி சொல்லச் சொல்ல நான் அலுவலகப் பேனையால் எழுதினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. போனதெல்லாம் திரும்பிவிட்டது.

"ஆறாவது?" என்றார் அவர்.

"ஐஞ்சுதான்," என்றேன். "நான் எண்ணினனான்."

"ஆறு சேர். கடைசியில ஒண்ணு இல்ல. இவ்வளவு சாவி போட்டுப் பாத்தாங்க. பூட்டு தொறந்துச்சா?"

நான் மறுபடி எண்ணினேன். ஐந்துதான். நிமிர்ந்தபோது மனைவி கனகாம்பரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை.

"நீர் எழுதேல்லையா?"

"எழுதேல்லை."

"அவன் கதைச்சவன்தானே? வந்து சொன்னனீர், கதைச்சிட்டான் எண்டு."

"கதைச்சவன். என்ன கதைச்சவன் எண்டு உங்களுக்குச் சொல்லேல்லை."

"என்னவாம்?"

வங்கி அதிகாரியும் எப்போதோ வந்து பின்னால் நின்றிருக்கிறார். "சொல்லுங்கோ பிள்ளை," என்றார். மனைவி முகத்தைத் தலைப்பால் பாதி மூடிக்கொண்டார்.

"அண்டைக்கு நீங்கள் அவசரப்படுத்தினீங்கள், ரயிலுக்கு நேரம் எண்டு. நான் ஓடிப்போய் வகுப்பில நிக்கிறன். ஒருத்தரும் அவனை ஒண்டும் கேக்கேல்லை. அவனாத்தான் எழும்பி வந்தவன். என்ர காலைப் பாத்தவன். பாத்துட்டு, 'மிஸ், ஒண்டு கறுப்பு, ஒண்டு பிறவுண்' எண்டவன்."

நான் குனிந்து அவர் காலைப் பார்த்தேன்.

"செருப்பா?" என்றேன்.

"பின்னை என்ன? காலை முழுக்க அப்படியே நிண்டிருக்கிறன்! இருபத்தாறு பிள்ளையள், ரெண்டு உதவி மிஸ்மார், ஒருத்தரும் சொல்லேல்லை. அவன்தான் சொன்னவன். அதை எப்பிடி அறிக்கையில எழுதிறது? வகுப்புக்கு ஒழுங்கா வெளிக்கிட்டு வரத் தெரியாதவள் எண்டு நினைப்பினம்."

வங்கி அதிகாரி சிரித்ததில் அவர் வாயிலிருந்த கடலை பாதி வீதிக்குப் போனது. கடலைக்காரர் வண்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். கடைசியில் மனைவியும் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் என் தோளில் அடித்தார். சரியாக நாலு அடி.

"எழுதுங்க டீச்சர்," என்றார் கடலைக்காரர், துவாயால் கண்ணைத் துடைத்தபடி. "அது இல்லாம எஞ்சின் தண்டவாளத்திலயே நிக்குது."

மனைவி என் பேனையை வாங்கினார். வண்டியில் மிச்சமிருந்த ஒரு வெறுந்தாளில், படியில் வைத்தே எழுதினார். கறுப்பும் பிறவுணும் வந்தன. அதற்குக் கீழே ஒரு வரி: 'அதுவரை நாங்கள் அவனிடம் கேட்டதெல்லாம் எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை.'

வெள்ளிக்கிழமை அறிக்கை போய்ச் சேர்ந்தது.

இப்போது அந்த இடத்தில் அவர் இல்லை. களனிப் பக்கம் மகளோடு போய் இருக்கிறார், அங்கே சின்னதாக ஒரு கடை என்று கேள்வி. வண்டியை வாங்கியவர் கடலையைப் பொலித்தீன் பையில் போட்டுத் தருகிறார். ருசியில் குறையில்லை, விரித்துப் பார்க்கத்தான் ஒன்றும் இல்லை.

டிப்ளோமா முடிவுக் கடிதம் வந்த நாளை மட்டும் சொல்லிவிடுகிறேன். அறிக்கை கொடுத்து ஏழு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. நான் ரயிலால் இறங்கியபோது மனைவி மேடையிலேயே நின்றார், கையில் உறை. கிழித்திருந்தார், கடிதத்தை வெளியே எடுக்கவில்லை.

"நீங்கள் பாருங்கோ."

"நீர் பாரும்."

"எனக்கு ஏலாது."

எனக்கும் ஏலவில்லை. இருவரும் வீதியில் ஏறி வண்டியடிக்குப் போனோம். மனைவி உறையை நீட்டினார். கடலைக்காரர் கையைத் துவாயில் துடைத்து, கடிதத்தை உருவி, மடிப்பைப் பிரித்து, கண்ணாடி போடாமலே கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். கண்ணாடி இல்லாமல் அவரால் ஓர் எழுத்தும் வாசிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

பார்த்துவிட்டு மடித்து உறைக்குள் வைத்தார். ஒரு தாளை எடுத்து, வழமையைவிடப் பெரிதாக ஒரு சுருள் சுற்றினார்.

"மூணே வரி டீச்சர். பாஸ்தான். இல்லாட்டிக் காரணம் சொல்லி ஒரு பக்கம் நிரப்பியிருப்பாங்க."